காத்தாயிக்கு நான் போட்ட அறிமுகக் கையெழுத்து

786

நடுவக்கரை,
3.8.97

என் அருமை மகன் அப்சருக்கு அம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். ரப்புடைய கிருபையால் இங்கே நடக்க வேண்டியவர்கள் நடந்துகொண்டும் படிக்க வேண்டியவள் படித்துக்கொண்டும் இருக்கிறோம், அங்கே நீயும் உடம்பில் குறையில்லாமல் மனசில் பாரமில்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் உன் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ ஜூன் மாதம் போட்ட கடிதமும் அதற்குள் இருந்த போட்டோவும் கிடைத்தன. போட்டோவில் உன் கழுத்து எலும்பு தெரிகிறது, உன் பெண்சாதி மெஹராஜ் அது வெளிச்சத்தால் அப்படி என்கிறாள், நான் உன்னைப் பெற்றவள், எனக்கு வெளிச்சம் எது எலும்பு எது என்று தெரியும், அந்த தம்மாம் ஊரில் ரொட்டியை மட்டும் தின்றுகொண்டு கிடக்காதே. உன் மகள் ரிஃப்கா பத்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள், கணக்கில் மட்டும் கொஞ்சம் சோம்பல். மெஹராஜ் வீட்டிலிருந்து பட்டுக்கோட்டைத் தேங்காய் ஐம்பது வந்தது, பாதியை அவள் குழம்புக்கு அரைத்தே தீர்த்துவிட்டாள். வாய்க்காலில் தண்ணீர் வந்து குறுவை நடவு முடிந்துவிட்டது. இனிமேல் கையில் கொண்டுவந்து கொடுக்கிற உண்டியல் ஆள் மூலம் பணம் வேண்டாம், டிராஃப்டாக அனுப்புகிறேன், மெஹராஜ் பெயரில் பேங்கில் கணக்கு திறந்து வையுங்கள் என்று எழுதியிருந்தாய். திறந்தாகிவிட்டது, நம்பரை ரிஃப்கா இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறாள். ஆனால் அதற்கு முன்னால் வேறு ஒரு கணக்கு திறக்க வேண்டியதாகப் போய்விட்டது, அதனால்தான் பதில் போட இத்தனை நாள். நடந்ததை முழுக்க எழுதுகிறேன், நீ டூட்டி முடிந்து சாவகாசமாக உட்கார்ந்து படி.

நம் வீட்டுக்கு நெல் அவிக்க வருகிற காத்தாயியை உனக்குத் தெரியும். அவள் புருஷன் வீரையன் போன ஐப்பசி மழையில் சாரங்கபாணி ஐயா வயலில் மடை திறக்கப் போய், அறுந்து கிடந்த கரண்டுக் கம்பியை மிதித்துப் போய்விட்டான் என்று அப்போதே எழுதினேன். அதற்கு சர்க்காரில் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு செக்கு கொடுத்தார்கள், தை மாதம் தாலுக்கா ஆபீசில் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உன் கடிதம் வந்த பிறகு எனக்குப் பேங்கு பேங்கு என்று அதே நினைப்பாக இருந்ததால், கொல்லையில் அவள் அடுப்புக்கு உமி தள்ளிக்கொண்டிருந்தபோது, ஏண்டி காத்தாயி உன் செக்கை எந்த பேங்கில் போட்டே என்று கேட்டேன். அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. போடல பாயம்மா, தெரிஞ்ச ஆளு கூட்டியா தெரிஞ்ச ஆளு கூட்டியான்னாங்க, நான் எங்க போவேன், அது பாட்டுக்குப் பொட்டியில பத்தரமா இருக்கு, காசு எங்க ஓடிப்போவுது, என் மொவ மலர்க்கொடி டீச்சர் ட்ரெயினிங்கு சேரறப்ப எடுத்துக்கிட்டாப் போச்சு என்றாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. சாயங்காலம் லியாகத் அலி கடைக்குச் சீனி வாங்கப் போனபோது பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் எடைக்கல்லைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். செக்குக்கு ஆறு மாசந்தான் ஆயுசு, அதுக்கு மேல அது வெறுங் காயிதம் லாத்தா என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம். ரூபாய் நோட்டு கிழிந்தாலும் செல்கிறது, நிலப் பத்திரம் கரையான் அரித்தாலும் செல்கிறது, சர்க்கார் கொடுத்த தாள் மட்டும் எப்படித் தானாகச் செத்துப்போகும்? அங்கேயும் இப்படித்தானா, யார் இந்த ஆறு மாதத்தை வைத்தது, விசாரித்து எழுது.

மறுநாள் திங்கட்கிழமை காத்தாயியைக் கூட்டிக்கொண்டு திருவிடைமருதூர் கடைத்தெருவில் இருக்கிற பேங்குக்குப் போனேன். மெஹராஜ், மாமி உங்களுக்கு ஏன் இந்த வேலை, கண் ஆபரேஷன் பண்ணி மூணு மாசந்தானே ஆகுது என்றாள். கண்ணைத் திறந்து வைத்ததே பார்க்கத்தானே என்று துப்பட்டியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அங்கே எனக்குப் பார்க்கப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. கம்பி வலைக்குப் பின்னால் பணம், இந்தப் பக்கம் மனிதர்கள், பணம் தப்பித்துப் போய்விடும் என்றா மனிதர்கள் உள்ளே வந்துவிடுவார்கள் என்றா தெரியவில்லை. பேனாவை நூல் கட்டி மேசையோடு முடிந்திருக்கிறார்கள். பித்தளை வில்லையைக் கொடுத்து உட்காரச் சொல்கிறார்கள், நம்பர் கூப்பிட்டால் எழுந்து போக வேண்டும், ஒரு கிழவர் தன் நம்பர் வந்தும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தார், அவரை நான்தான் தட்டி எழுப்பினேன். மேனேஜர் துரைராசு என்று ஒருவர், மன்னார்குடிப் பக்கத்துக்காரர், வயசு உன்னைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், பொறுமையான மனுஷன். காத்தாயி முந்தானையை அவிழ்த்துச் செக்கை எடுத்து வைத்தாள். அவர் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். நாலு மூலையிலும் மஞ்சள். குழைத்து நன்றாக அழுத்தித் தடவியிருக்கிறாள். அவர்கள் காலனியில் தொகுப்பு வீட்டுக்குப் பட்டா கொடுத்தபோது அதற்கும் இப்படித்தான் மஞ்சள் தடவிப் படைத்துப் பெட்டியில் வைத்தார்களாம், இருபது வருடம் கழித்தும் பட்டா கெடாமல் இருக்கிறதாம், அதனால் இதற்கும் அதையே செய்திருக்கிறாள். செக்கில் தேதி போடுகிற இடம் வலது பக்க மேல் மூலையாம், அந்த மூலையில்தான் மஞ்சள் மற்ற மூன்றையும்விடத் தடிமனாக இருந்தது. ஏம்மா இப்ப இது உசுரோட இருக்கா செத்துப்போச்சான்னே எனக்குத் தெரியலையே என்றார் மேனேஜர். காத்தாயிக்குக் கோபம் வந்துவிட்டது. மஞ்சத் தடவுனது தப்பாங்க, கரியா தடவுனேன் என்றாள்.

நான் அந்தச் செக்கைக் கேட்டு வாங்கினேன். தையல் வேலையில் முன்பக்கம் நூல் மங்கிப்போனால் துணியைத் திருப்பித்தானே பார்ப்போம், அப்படித் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். தேதியை டைப் மிஷினில் அடித்திருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தும் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது, விரலால் தடவினாலே தெரிந்தது, எல்லாம் இடம் வலம் மாறி. இருபத்து நாலு, ஒன்று, தொண்ணூற்று ஏழு என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல மேனேஜர் முகம் பார்க்கிற கண்ணாடிச் சில்லு ஒன்றை வைத்துப் பார்த்து, சரியாச் சொல்றீங்களே அம்மா என்றார். நான் அஞ்சாம் வகுப்பு பாஸ் என்று சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் காலண்டரைப் பார்த்தார். ஜூலை இருபத்து மூன்றாம் தேதி புதன்கிழமையோடு முடிகிறது, அதற்குள் இந்தச் செக்கு, பணம் தரவேண்டிய கும்பகோணத்து பேங்குக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், இங்கே கொடுத்தால் மட்டும் போதாது என்றார். அன்றைக்குத் தேதி பதினாலு. அப்படியானால் இந்தாருங்கள், ரூபாயைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். குறுக்கே இரண்டு கோடு போட்டிருக்கிறது, கோடு போட்ட செக்குக்கு ரூபாயாகத் தரமாட்டார்களாம், கணக்கில்தான் போடுவார்களாம். கணக்கு திறக்க வேண்டுமென்றால், ஏற்கெனவே இந்த பேங்கில் ஆறு மாதமாவது கணக்கு வைத்திருக்கிற ஒருவர் வந்து, இவளை எனக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். இதைத்தான் காத்தாயி, தெரிந்த ஆளைக் கூட்டி வரச் சொன்னார்கள் என்றிருக்கிறாள். நீயே யோசித்துப் பார் அப்சர், அவள் தெருவில் நாற்பது வீடு, ஒரு வீட்டிலும் பேங்குக் கணக்கு கிடையாது. கணக்கு இல்லாதவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் கணக்கு இல்லாதவர்கள்தானே. முதல் ஆள் எந்தக் கதவு வழியாக உள்ளே வருவது? இதை நான் மேனேஜரிடமே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, நல்ல கேள்விதாம்மா, எனக்கு மேல இருக்கிறவங்களைக் கேட்கணும் என்றார்.

காத்தாயி இதற்காக சாரங்கபாணி ஐயாவிடம் மூன்று நடை போயிருக்கிறாள். அவர் கெட்டவர் இல்லை, காரியத்துக்கு இரண்டு மூட்டை நெல் கொடுத்தவர். ஆனால் கையெழுத்து என்றதும், நாளைக்குப் பார்ப்போம் நாளைக்குப் பார்ப்போம் என்றே அனுப்பியிருக்கிறார். லியாகத் அலிக்கும் அங்கே கணக்கு உண்டு, நான் கேட்டதற்கு, லாத்தா நீங்க கேட்டு நான் இல்லேன்னு சொல்லக் கூடாது, ஆனா நாளைக்கு அது கடன்கிடன் வாங்கிட்டுப் போச்சுன்னா என் கடையையில்ல பூட்டுவான் என்றார். எல்லோரும் அதை ஜாமீன் கையெழுத்து என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மேனேஜரிடம் நேராகக் கேட்டேன், இவள் உங்கள் பேங்கையே தூக்கிக்கொண்டு ஓடினால் கையெழுத்துப் போட்டவளை என்ன செய்வீர்கள் என்று. ஒண்ணும் செய்யமாட்டோம், ஆளை அடையாளம் தெரியும்ங்கிறதுக்குத்தான், கடனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்றார். அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். அப்படியானால் நானே போடுவேன், என்னிடம்தான் கணக்கு இல்லை என்று சொல்லும்போதே எனக்கு அந்தக் கம்பி வலையை முன்னால் ஒரு தடவை பார்த்த ஞாபகம் வந்தது. நீ முதல் முதல் சவுதிக்குப் போகிற வருடம், ஏஜென்டு ஏதோ கேட்கிறான் என்று என்னைக் கூட்டிப்போய், அம்மா இங்கே ஒன்று போடு இங்கே ஒன்று போடு என்று கையெழுத்து வாங்கினாயே, பாஸ்போர்ட்டுக்கு என்று நான் நினைத்தேனே, அது இந்தக் கம்பி வலைக்கு முன்னால்தான். இதைச் சொன்னதும் அவர் வருடத்தைக் கேட்டு, ஒரு பெண்ணை அனுப்பிப் பழைய லெட்ஜரைத் தேடச் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்து தூசியோடு ஒரு பெரிய புத்தகம் வந்தது. அதில் உன் பெயர், அதற்குக் கீழே என் பெயர், என் கையெழுத்து. நான் ஒன்பது வருடமாக அந்த பேங்கில் கணக்கு வைத்திருக்கிறேனாம், எனக்கே தெரியவில்லை. ஐந்நூறு ரூபாயைப் போட்டுவிட்டு அடியோடு மறந்துவிட்டாயே, நல்ல பிள்ளை நீ. தூங்குகிற கணக்கு, ஒரு பத்து ரூபாய் போட்டு எழுப்புங்கள் என்றார்கள், போட்டேன். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிப் பழையதோடு வைத்துப் பார்த்தார்கள், ஒரு புள்ளி மாறவில்லை. அந்தக் கையெழுத்தை நான் படித்த காலத்தில் டீச்சர் நாற்பது தடவை எழுதச் சொன்னார், அது எப்படி மாறும்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன், அதை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த ஐந்நூறு, எழுநூற்று எண்பது சொச்சமாக வளர்ந்திருந்தது. எப்படி என்றால் வட்டி என்றார். அது எங்களுக்கு ஆகாதுங்க, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வைக்கத்தான் எங்ககிட்ட எடம் இருக்கும்மா, திருப்பி எடுக்க எடம் இல்லை என்றார். கேட்காமல் கொடுத்ததை வேண்டாம் என்றால் வாங்கிக்கொள்ளவும் மாட்டேன் என்கிறார்கள், இது என்ன வழக்கமோ. காத்தாயி கணக்கு திறக்க முதலில் நூறு ரூபாய் கட்ட வேண்டும், அவளிடம் போட்டோவுக்கே காசு இல்லை. வட்டிக் காசை நன்மையை எதிர்பார்க்காமல் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் பயானில் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நல்லதாகப் போயிற்று என்று வெளியே பூவரச மரத்தடியில் வைத்து அவளிடம் விஷயத்தைச் சொல்லி, அதிலிருந்து நூறு எடுத்துக் கட்டிவிடலாம் வா என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. ஒங்களுக்கு ஆவாத காசு எனக்கு மட்டும் ஆவுமா பாயம்மா, ஊசிப்போன கொழம்ப ஊத்துறாப்புல ஊத்துறீங்களே என்றாள். பிறகு நான், சரி அது வேண்டாம், நெல் விற்ற பணம் இடுப்பிலே இருக்கிறது, கைமாற்றாக வாங்கிக்கொள் என்றேன். அதுவும் வேணாம், இது அந்த ஆளு உசுரக் குடுத்து வந்த காசு, அது போயி ஒக்கார்ற எடத்துல மொதக் காசு என் கையால வேல செஞ்ச காசா இருக்கணும், சனிக்கெழம நடவுக் கூலி வருது, திங்கக்கெழம கட்டுறேன் என்றாள். அடிப் பாவி, புதன்கிழமை செக்கு செத்துப்போகுதுடி என்றேன். சாவாது என்றாள். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஊர் வரும்வரை திரும்பவே இல்லை. நான் கொடுக்க நினைத்தது நல்ல எண்ணத்தோடுதான், ஆனால் எனக்கு வேண்டாததைத்தான் கொடுக்கப் பார்த்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேனேஜர் கொடுத்தனுப்பிய அறிமுகப் பாரத்தை வீட்டில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். அறிமுகம் செய்பவர் பெயர், கணக்கு எண், கையெழுத்து, அதெல்லாம் சரி. புதிதாகச் சேருபவரின் வயது, தகப்பனார் பெயர், கதவு எண், தெரு, எத்தனை வருடமாகத் தெரியும். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் எழுதினேன், முப்பது வருடம். எழுதிவிட்டு மற்றதைப் பார்த்தால் ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. என் வீட்டில் உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், உன் அத்தாவுக்கு எந்தக் காலில் வாதம் என்று தெரியும், நீ பிறந்தது எந்த அறையில் என்று தெரியும். எனக்கு அவள் அப்பன் பெயர் தெரியாது. இவளை எனக்குத் தெரியும் என்று எதை வைத்துக் கையெழுத்துப் போடுவது? மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் அவள் வீட்டுக்குப் போனேன். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நாற்பத்தாறு வருடத்தில் வாய்க்கால் பாலம் தாண்டி அந்தத் தெருவுக்குள் போனது அதுதான் முதல் தடவை. கதவு எண் இருபத்து ஏழு, காளியம்மன் கோயில் தெரு, நிலைப்படியில் தாரால் எழுதியிருக்கிறது. மலர்க்கொடி நாற்காலி எடுத்துப் போட்டாள், பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள், முத்துப்போல் எழுத்து. காத்தாயி இன்னும் முறைப்பாகத்தான் இருந்தாள். வயசு என்ன என்றேன், பெரும்புயல் அடிச்ச வருசம் தூளியில கெடந்தேனாம் என்றாள். அது என் கல்யாணத்துக்கு அடுத்த வருடம், அப்படியானால் நாற்பத்தைந்து. நான் அவளை என் வயசுக்காரி என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். அப்பன் பெயர் அம்மாசி, அவர் நாதஸ்வரக் கோஷ்டியில் ஒத்து ஊதினவராம், அதுவும் எனக்குப் புதுச் செய்தி. நான் கேட்கக் கேட்க அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்னா பாயம்மா, பொண்ணு பாக்க வந்தாப்புல கேக்குறீங்க என்றாள். கடையிலிருந்து கலர் சோடா வாங்கி வரச்சொல்லி உடைத்துக் கொடுத்தாள், நான் குடித்தேன். பாதி வழி திரும்பி வந்த பிறகுதான் உறைத்தது, அந்த சோடா அவள் சேர்த்துக்கொண்டிருக்கிற நூறு ரூபாயிலிருந்து போன காசு.

அதற்கப்புறம் அந்த வாரம் போனது எனக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை மீலாது, பேங்கு லீவு. சனிக்கிழமை அரை நாள், அவள் நடவு வயலில் நிற்கிறாள், கூலி வருவதே பொழுது சாய்ந்து. நான் காலண்டரைக் கிழிக்காமலேயே தினமும் போய்ப் பார்த்து வந்தேன். மெஹராஜ், மாமி செக்கு அவங்களுதா உங்களுதா என்று கேலி செய்தாள். திங்கட்கிழமை காலையில் காத்தாயி குளித்துத் தலைமுடிந்து வந்து நின்றாள், கையில் பத்து ரூபாய்த் தாள்களாக நூறு ரூபாய், நகக்கண்ணில் சேறு. போட்டோ இரண்டு எடுத்து வைத்திருந்தாள், ஸ்டூடியோக்காரன் சிரிக்காதே சிரிக்காதே என்று சொல்லியிருக்கிறான், அதனால் யாரையோ அடிக்கப்போகிறவள் மாதிரி இருக்கிறாள். பாரத்தில் நான் கையெழுத்துப் போட்டேன், அவள் பெருவிரலை வைத்தாள். மேனேஜர் என்னைக் கேட்டார், இவங்களை நல்லாத் தெரியுமாம்மா என்று. போன வாரம் கேட்டிருந்தால் தெரியும் என்று பட்டென்று சொல்லியிருப்பேன். இப்போது, தெரிஞ்சுக்கிட்டு வர்றேங்க என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, முத்திரையைக் குத்திவிட்டார். மஞ்சள் மூலைக்கு ஒரு தாளில் தேதியை எழுதித் தன் கையெழுத்தைப் போட்டு செக்கோடு பின் பண்ணி, நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஆளிடமே கொடுத்தனுப்புகிறேன், அவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்பது அவர்கள் பாடு என்றார். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஒரு தகவலும் இல்லை. காத்தாயி நெல் அவிக்க வந்தாள், அவித்துக் காயப்போட்டுவிட்டுப் போனாள். புதன்கிழமை மக்ரிப் தொழுதுவிட்டு நான் அவளுக்காகத் தனியாகக் கையேந்தினேன், அது உனக்கு மட்டும் சொல்கிறேன், அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மலர்க்கொடியையும் கூட்டிக்கொண்டு போனோம். கம்பி வலைக்குப் பின்னால் இருந்த பெண் பாஸ்புக்கை வாங்கி எழுதி நீட்டினாள். மலர்க்கொடி வாங்கிப் படித்தாள், பதினைந்தாயிரத்து நூறு. புதன்கிழமை கடைசி நேரத்தில் ஏற்றிருக்கிறார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். காத்தாயி உட்காரவில்லை. எனக்கு அம்பது ரூவா வேணும் என்றாள். எதுக்குடி, என்ன செலவு என்றேன். வேணும் என்றாள். மலர்க்கொடி சீட்டு எழுத, இவள் கைநாட்டு வைக்க, வில்லை வாங்கி, நம்பர் கூப்பிட்டு, ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்று கம்பி வலைக்கு அடியில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெயிலில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தாள், மடித்தாள், பிரித்தாள். அப்படியே திரும்ப உள்ளே வந்து அதே கம்பி வலைக்கு முன்னால் நின்று, இந்தாங்க இதப் போட்டுக்குங்க என்று நீட்டினாள். அந்தப் பெண்ணுக்கு எரிச்சல், இப்பத்தானேம்மா எடுத்தீங்க, என்னா வெளையாட்டா என்று கத்தினாள். காத்தாயி கொஞ்சமும் அசரவில்லை. கேட்டா குடுக்குறீங்களான்னு பாத்தேன், நாளைக்கு என் மொவ படிப்புக்கு வந்து நிக்கிறப்ப தெரிஞ்ச ஆளக் கூட்டியான்னு சொல்லிட்டீங்கன்னா என்றாள். மேனேஜர் கண்ணாடி அறைக்குள் இருந்து எழுந்து வந்துவிட்டார். அந்தப் பெண்ணிடமிருந்து சீட்டை வாங்கித் தானே எழுதி, பணத்தைக் கட்டி, பாஸ்புக்கை அவள் கையில் கொடுத்து, நீங்க எப்ப வந்தாலும் தனியா வரலாம் என்றார். தனியாவா, பாயம்மா இல்லாமயா என்றாள். தனியாத்தான் என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்தாள், வழியெல்லாம் பேச்சு.

இப்போது உனக்கு என் கேள்விகள். அந்த வட்டி இன்னும் அங்கேயே கிடக்கிறது, அதை என்ன செய்வது என்று அங்கே மார்க்கம் படித்த ஆலிம் யாரையாவது கேட்டு எழுது, இனி நானாக யாருக்கும் நீட்டமாட்டேன். நம் ஆயிரம் பேர் பணத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி பூட்டிவிட்டுப் போகிறார்களே, அது சும்மாவா கிடக்கும், எங்கே போய் வருகிறது? அங்கே உங்கள் கம்பெனி பேங்கில் கைநாட்டு வைக்கிறவர்கள் உண்டா, அவர்களை யார் தெரியும் என்று சொல்கிறார்கள்? உன்னோடு அறையில் இருக்கிற பிள்ளைகளில் ஊரில் கணக்கு இல்லாதவர்கள் இருந்தால் அவர்கள் வீட்டுப் பெண்களைத் தைரியமாகப் போகச்சொல். அந்தக் கையெழுத்துக்கு யாரும் கடையைப் பூட்டமாட்டார்கள் என்று நானே மேனேஜரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று சொல். மலர்க்கொடிக்கு ட்ரெயினிங் ஸ்கூலில் வருகிற பன்னிரண்டாம் தேதி சேர்க்கை, பணம் கட்டப் போகும் அன்று காத்தாயி தனியாகத்தான் பேங்குக்குப் போவாளாம், என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்குப் போக ஆசைதான்.

குளிர் மிஷினுக்கு நேரே தலை வைத்துப் படுக்காதே, சுபுஹுத் தொழுகையைத் தவறவிடாதே, முடி வெட்டிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, கழுத்து தெரிகிற மாதிரி. மெஹராஜுக்குத் தனியாக நாலு வரி எழுது, எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிற கடிதத்தில் அவளுக்குப் பசி அடங்காது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் கெடாத உடம்பையும் கை நிறைய ஹலாலான சம்பாத்தியத்தையும் தரட்டும், போன காலோடு நல்லபடியாகத் திரும்பி வந்து உன் பிள்ளை தலையில் கை வைக்கும்படி செய்யட்டும், ஆமீன். டிராஃப்ட் அனுப்பினால் அனுப்பிய அன்றே ஒரு கார்டு போடு, அதற்கும் ஆயுசு உண்டு என்று எனக்கு இப்போது தெரியும்.

உன் நலம் கேட்டிருக்கும் அம்மா,
மு. ஹபீபுன்னிசா